படகிலிருந்து நீட்டிய குவளை

செப்டம்பர் 9

நண்டு,

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

தீவிலிருந்து கரை வரை கடலை நீந்திக் கடக்க எத்தனை காலம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். காலையில் பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் நகராட்சி நீச்சல்குளத்தில், மாலையில் பஸ்ஸை டெப்போவில் விட்ட பிறகு துறைமுகச் சுவரை ஒட்டி என்று உடம்பை இழைத்து இழைத்துத் தயார் செய்தேன். படகில் கூட வர ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். வேறு யாரையும் கேட்கவில்லை, உன்னைக் கேட்டேன். சின்ன வயதில் ஒரே பயிற்சியாளரிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் நாம். கூடப்பிறந்தவள் பக்கத்தில் இருந்தால் தைரியம் என்று நினைத்தேன்.

பாதிக்கு மேல் வந்துவிட்டேன். கரையிலிருக்கும் கிடங்கின் வெள்ளைச் சுவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் தெரிந்தது. அப்போது நீ படகிலிருந்து குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தாய். நீந்துகிறவள் மேல் அடுத்தவர் விரல் பட்டாலே எல்லாம் முடிந்தது. உனக்குத் தெரியாத விதியா அது? தெரிந்தேதான் தொட்டாய்.

டெப்போ ஆட்கள் விடுப்புப் போட்டுவிட்டுக் கரையில் வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் என்னைக் கம்பளியில் சுருட்டி மூட்டை மாதிரி இறக்கினார்கள். அதுவாவது போகட்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் நீ சொன்னதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. "இவ சாப்பிடறதே இல்ல. எலும்பும் தோலுமா கடல்ல எறங்கினா." ஐம்பத்தெட்டு வயதில் கடலில் இறங்குகிறவளைப் பற்றிச் சொல்ல உனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

வயது ஏற ஏறச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும் என்று உலகமே சொல்கிறது. எடை குறைந்தால் தண்ணீரில் லேசாக இருக்கலாம். அதைத்தான் செய்தேன். நீ ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு என்ன சாப்பாடு என்று முடிவு செய்கிறவள். உனக்கு யாரைப் பார்த்தாலும் நோயாளியாகத்தான் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ இருபத்திரண்டு வயதில் குளத்தை விட்டு ஏறியவள். ஏறியவளுக்கு, இன்னும் தண்ணீரில் இருப்பவளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

அக்கா

*

செப்டம்பர் 19

அக்கா,

படித்த கையோடு எழுதியிருந்தால் கொட்டித் தீர்த்திருப்பேன். கொஞ்ச நாள் ஆறப்போட்டேன். முழுதும் ஆறவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

தெரிந்தேதான் தொட்டேன். மறுபடி அந்தப் படகில் உட்கார்ந்து அதே கோலத்தில் உன்னைப் பார்த்தால் மறுபடி தொடுவேன்.

உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கடைசியில் நீ நீந்தவே இல்லை. ஒரு கையைத் தூக்கித் தண்ணீரில் வைத்தாய், அப்புறம் யோசித்துவிட்டு இன்னொரு கையை வைத்தாய். கழியின் நுனியில் குவளையைக் கட்டி நீட்டினேன். புறங்கையால் தள்ளிவிட்டாய். அதற்கு முன்னால் நீட்டியதையும் தள்ளினாய், அதற்கு முன்னாலும். நடுவராக வந்த பெண்மணி, ஏதாவது கேட்டுப் பாருங்கள், பதில் சொல்கிறாளா பார்ப்போம் என்றார். "அக்கா, நீ எந்த ரூட் பஸ் ஓட்டறே?" என்று கேட்டேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாயே, அந்த ரூட்டை. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "சாப்பிட்டேம்மா" என்றாய்.

என்னை அம்மா என்று நினைத்துக்கொண்டாய், அக்கா. அம்மா போய் எத்தனை காலம் ஆகிறது. அப்போதுதான் குனிந்தேன்.

பொறாமை என்று நேராகவே எழுதியிருக்கலாம், சுற்றி வளைத்திருக்க வேண்டாம். பொறாமை உண்டு. உன் வயதை யாராவது கேட்டால் ஐந்து வயதைக் கூட்டிச் சொல்லி வாயைப் பிளக்க வைப்பவளும் நான்தான். இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருக்கிறது.

வயிறு என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். நீச்சலுக்கு முந்தின வாரம் உன் வீட்டில் இருந்தேன். காலையில் டீ, இரண்டு பிஸ்கட். பஸ்ஸில் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதே இல்லை, வழியில் கழிப்பறை கிடையாது என்கிறாய். ராத்திரி ஒரு கிண்ணம் சூப், ரொட்டியின் ஓரம். முப்பது வயதில் இதை வைத்துக்கொண்டும் எப்படியோ சமாளித்திருப்பாய். இப்போது முடியாது. வயதான தசைக்குக் கொஞ்சம் காது மந்தம். மெதுவாகச் சொன்னால் கேட்காது. சின்ன வயதுக்காரிக்கு ஒரு முட்டை போதுமென்றால் உனக்கு அதைவிடக் கூட வேண்டும், அதுவும் மூன்று வேளையும் வேண்டும். நீ தலைகீழாகச் செய்துகொண்டிருந்தாய். எடை குறைந்தது உண்மைதான். போனது கொழுப்பு மட்டும்தான் என்று உனக்கு யார் சொன்னது? கண்ணாடி முன்னால் நின்று உன் தோளைப் பார். காலி வயிறும் மெலிந்த உடம்புமாகக் குளிர்ந்த கடலில் இறங்கினால் சூடு எங்கிருந்து வரும்? அடுப்பில் விறகே வைக்காமல் ஊதிக்கொண்டிருந்தாய்.

நர்ஸ் முன்னால் சொன்னது தப்புதான். தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன விஷயம் தப்பில்லை.

நண்டு

*

அக்டோபர் 21

நண்டு,

இதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாதே.

நீ எழுதியது உண்மையா என்று உன் அத்தானிடம் கேட்டேன். பூட்டுக் கடையில் உட்கார்ந்து ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தார். அந்த நடுவர் அம்மாவும் அதையேதான் சொன்னார் என்று தலை நிமிராமல் சொல்லிவிட்டு, அராவின இடத்தையே மறுபடி அராவினார். அந்தச் சாவி எந்தப் பூட்டையும் திறந்திருக்காது. இத்தனை நாள் என்னிடம் சொல்லாமல் மனசிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.

டிரைவர்களுக்கான வருஷாந்தரப் பரிசோதனை வந்தது. ரத்தம் எடுத்தார்கள், எலும்பைப் படம் பிடித்தார்கள். வைட்டமின் டி குறைவு. பி பன்னிரண்டும் குறைவு, வயதானால் வயிறு அதைச் சரியாக இழுத்துக்கொள்ளாதாம். எலும்பு மெலிய ஆரம்பித்திருக்கிறது. இத்தனை நீந்துகிறேனே என்றேன். தண்ணீர் உங்களைத் தாங்கிக்கொள்கிறது, எலும்புக்கு வேலையே இல்லை, தரையில் எடை தூக்க வேண்டும் என்றார் டாக்டர். அப்புறம் கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவியை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். அவர் முள்ளைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இன்னும் ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அப்போதும் இப்படியே இருந்தால் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கி டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்துவிடுவார்களாம்.

ஒரு டப்பா வாங்கியிருக்கிறேன். பாலில் கலக்கும் பொடி. டப்பாவின் மேல் கழுத்தே இல்லாத ஒரு ஆளின் படம்.

முட்டையைத் தினமும் சாப்பிடலாமா என்று உன் ஆஸ்பத்திரியில் யாராவது கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரிந்துகொள்ள ஆசை. எனக்காக இல்லை.

அக்கா

*

நவம்பர் 2

அக்கா,

யாரோ ஒருவருக்காக நீ கேட்டதற்குப் பதில்.

அந்த யாரோ ஒருவருக்கு ரத்தத்தில் கொழுப்புத் தொல்லை இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தால் தினமும் முட்டை சாப்பிடலாம். காலையில் சாப்பிட வேண்டும் என்பதுதான் முக்கியம். ராத்திரிக்கு மட்டும் மீனும் பருப்புமாக வெட்டிவிட்டு, பகல் முழுவதும் டீயில் ஓட்டினால் பிரயோஜனம் இல்லை. அவர் அதிகாலையிலேயே வண்டியை எடுக்கிறவராக இருந்தால் முந்தின நாளே முட்டையை வேகவைத்து உரித்து வைத்துக்கொள்ளட்டும். நீந்திவிட்டு ஏறியதும் ஒரு டம்ளர் பாலோ தயிரோ, கூட ஒரு வாழைப்பழம். மதியத்துக்குப் பருப்பு, காய், கிழங்கு. மாவுச்சத்தைப் பார்த்து அவர் பயப்படுகிறார் என்று கேள்விப்பட்டேன். பயப்பட வேண்டாம் என்று சொல். டீசலே இல்லாமல் அவர் பஸ் ஓட்டுவாரா?

தண்ணீர் விஷயம் கொஞ்சம் பொல்லாதது. வயதாக ஆகத் தாகம் தெரியாது. உடம்பு வறண்டு கிடக்கும், நாக்கு தண்ணீர் கேட்காது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு நடை முடியும் இடத்திலும் குடிக்க வேண்டும். கழிப்பறை இல்லையென்றால் அது டெப்போவின் குற்றம், உன் சிறுநீரகத்தின் குற்றம் இல்லை. உன் வாய்க்குப் பயந்து பிரேக்கே பிடிக்கும் என்பார்களே, அந்த வாயை இதற்கும் கொஞ்சம் திற.

டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். தட்டில் குறைந்ததை ஈடுகட்ட ஒரு கரண்டி போட்டுக்கொள்வதில் பாவமில்லை. ஆனால் டப்பாவில் இருப்பவனைப் போல ஆகிவிடாதே, அத்தான் உன்னை அடையாளம் கண்டுபிடிக்கத் திண்டாடுவார். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை விடாதே. சொன்ன எடையைத் தூக்கு.

நண்டு

*

பிப்ரவரி 11

நண்டு,

ஊரிலிருக்கும் கோழிகளெல்லாம் என் பெயரைச் சொல்லித்தான் விழிக்கின்றன. உன் அத்தான் கடையின் பின்பக்கம் ஒரு சின்ன அடுப்பு வைத்து முட்டை வேகவைக்கிறார். சாவி செய்ய வருகிறவர்கள் அது முட்டைக் கடையா பூட்டுக் கடையா என்று கேட்கிறார்கள்.

முதல் மாதம் உன்னைத் திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டேன். வயிறு சின்னதாகிவிட்டிருந்தது. பாதித் தட்டிலேயே முட்டிக்கொண்டு நின்றது. எடை ஏறியது. சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டது. குளத்தில் இறங்கினால் உலக்கையை இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று ஒரு நாள் உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். உன் அத்தான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போன மாதம் என்ன ஆனதென்று தெரியவில்லை. துறைமுகச் சுவரை ஒட்டி எதிர்நீரில் நீந்திக்கொண்டிருந்தேன். எப்போதும் திரும்பிவிடும் இடம் ஒன்று உண்டு, தோள் கெஞ்ச ஆரம்பிக்கும் இடம். அதைத் தாண்டி எங்கேயோ போன பிறகுதான் தாண்டிவிட்டேன் என்றே கவனித்தேன். கை இன்னும் கேட்டது. கரையேறி, ஈரத் துண்டோடு சுவரில் உட்கார்ந்து தயிரை வழித்துச் சாப்பிட்டேன். சும்மா சிரிப்பாக வந்தது.

டெப்போ மேனேஜரிடம் போய் நின்றேன். கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை வேண்டும், போய்வரும் நேரத்தை அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் என் வயதை ஞாபகப்படுத்தினார். எனக்குப் பின்னால் பெண் டிரைவர்களெல்லாம் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் ஆண்களும் நின்றார்கள். அத்தனை பேரும் எத்தனை காலமாகத் தாகத்தோடு வண்டி ஓட்டியிருக்கிறோம் பார். போன வாரம் கதவு போட்டுத் தண்ணீர்க் குழாய் இழுத்துவிட்டார்கள். அட்டவணையிலும் நேரம் சேர்ந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்டில் மறுபடி கடலில் இறங்குகிறேன். படகில் நீ வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீ இருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் அத்தான் வருகிறார். தண்ணீரைக் கண்டால் அவருக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பக்கெட்டில் குளிக்கும்போதே சுவரைப் பிடித்துக்கொள்கிறவர். இருந்தாலும் தானே வந்து, நான் வர்றேன் என்றார்.

அக்கா

*

மார்ச் 3

அக்கா,

படகில் நீ வேண்டாம் என்ற அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மறுபடி எடுத்தேன். நீ சொல்வது சரி. நான் இருந்தால் உனக்கு முன்னால் நான் பயந்துவிடுவேன். பயந்தவள் கை குவளையை நீட்டாது.

கழிப்பறைக் கதையை எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் எல்லாருக்கும் சொன்னேன். கைப்பிடி பரிசோதனைக்கு மறுபடி போகும்போது டாக்டரின் கருவி பத்திரம்.

இனி அத்தானுக்கு. இதை அவர் கையில் கொடு.

அத்தான், நீச்சலன்று காலை அவளுக்குக் கஞ்சி, வாழைப்பழம், ஒரு முட்டை. எல்லாம் அவளுக்குப் பழகியதாக இருக்கட்டும், அன்றைக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். கடலில் அரை மணிக்கு ஒரு தடவை குவளை போக வேண்டும். அவள் கேட்க மாட்டாள். அவள் கேட்கும் வரை காத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. இடையிடையே மசித்த உருளைக்கிழங்கு. கோடை முழுவதும் துறைமுகத்தில் இதே மாதிரி கொடுத்துப் பழக்குங்கள். கை பழகுவது போல வயிறும் பழக வேண்டும். வாந்தி எடுத்தால் பயப்படாதீர்கள், கொஞ்ச நேரம் விட்டு, வாய் நனையும் அளவுக்குக் கொடுங்கள். அவள் குவளையைத் தள்ளினால் கெஞ்சாதீர்கள். கெஞ்சுகிறவர்களை அவள் மதிப்பதில்லை. நான் கெஞ்சிப் பார்த்தவள்.

கை நிஜமாகவே தளர்ந்து, கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் நடுவர் சொல்வதைக் கேளுங்கள். அவள் உங்களோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. எனக்குப் பழக்கம் இருக்கிறது, நான் துணைக்கு இருக்கிறேன்.

நண்டு

*

ஆகஸ்ட் 24

நண்டு,

போனில் சொன்னால் பாதியிலேயே நீயோ நானோ வைத்துவிடுவோம். முழுதும் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

விடிந்தும் விடியாமல் தீவின் பாறையிலிருந்து இறங்கினேன். கடல் சமர்த்தாக இருந்தது. உன் அத்தான் படகில் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, மடியில் ஃபிளாஸ்க்குகளோடு உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஆனால் அரை மணிக்கு ஒரு முறை அந்தக் கழி என் மூக்குக்கு நேரே வந்துவிடும், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. குடிப்பேன், குவளையை விடுவேன், போவேன். பூட்டுக்காரருக்கு ஒரே அளவு, ஒரே இடம் என்பது கையில் ஊறிய பழக்கம்.

போன வருஷம் முடிந்துபோன இடத்தைத் தாண்டினேன். தாண்டும்போது படகோட்டி விரலைக் காட்டினார். நான் தலையைத் தூக்கவில்லை. தோள் இருந்தது, நண்டு. குளிர் தோலோடு நின்றது, உள்ளே வரவில்லை.

கரை பக்கத்தில் தெரிந்த பிறகுதான் சோதனை வந்தது. நீரோட்டம் திரும்பிவிட்டது. நீந்த நீந்தக் கரை அதே தூரத்தில் நின்றது. உப்புத் தண்ணீரை விழுங்கிவிட்டேன். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. அடுத்த முறை கழி வந்தபோது அந்த வாசனையே ஆகவில்லை. புறங்கையால் தள்ளிவிட்டேன். மறுபடி வந்தது. மறுபடி தள்ளினேன். இன்னும் கொஞ்ச தூரம்தானே, இப்படியே போய்விடலாம் என்று தோன்றியது. போன வருஷமும் இதேதான் தோன்றியிருக்கும்.

உன் அத்தான் எழுந்து நின்றார். படகு ஆடியது. படகோட்டி உட்காரச் சொல்லிக் கத்தினார். அவர் உட்காரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயரவில்லை. கடையில் பேசுவது போலத்தான் சொன்னார்.

"நீ குடிக்கலேன்னா நான் குதிச்சிடுவேன். எனக்கு நீச்சல் தெரியாது."

நான் அண்ணாந்து பார்த்தேன். மனுஷர் ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்துவிட்டார். நடுவர் அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் நிஜமாகவே குதித்திருப்பார், நண்டு. அந்த முகம் எனக்குத் தெரியும். ஒரு பூட்டைத் திறக்கிறேன் என்று சொல்லிவிட்டால் திறக்காமல் எழுந்திருக்க மாட்டாரே, அந்த முகம்.

குடித்தேன். ஒரு வாய். நின்றது. இன்னொரு வாய். அதுவும் நின்றது. அவர் காலை எடுக்கவில்லை. குவளை காலியானதும்தான் எடுத்தார். அடுத்த குவளைக்குள் என் கை எனக்குத் திரும்பி வந்துவிட்டது. நீரோட்டத்துக்குக் குறுக்காகப் போகச் சொல்லிப் படகோட்டி வழி காட்டினார். தலையைக் கவிழ்த்துக்கொண்டு போனேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. கையில் கல் இடித்தது.

தண்ணீரை விட்டு முழுதாக வெளியே வந்து நின்றால்தான் கணக்கு, யாரும் தாங்கக் கூடாது. முழங்கால் இரண்டு முறை மடங்கியது. மூன்றாவது முறை எழுந்து நடந்தேன். இந்தக் கடலைக் கடந்தவர்களில் நான்தான் வயதில் மூத்தவளாம். நேரத்தைப் பார்த்தால் பட்டியலில் கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கடந்தவர்கள் பெயரை எழுதும் போர்டில் இரண்டையும் சேர்த்தே எழுதச் சொன்னேன்.

ஏப்ரல் பரிசோதனைக்குப் பிறகும் பஸ் என்னிடமே இருக்கிறது. டெப்போவில் யாரோ என் பஸ்ஸின் முன்கண்ணாடியில் 'கடல் வழி' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மேனேஜர் எடுக்கச் சொன்னார். இன்னும் யாரும் எடுக்கவில்லை.

உன் கையை நினைத்து எனக்கு இனிக் கோபமில்லை. அது இருந்ததால்தான் இந்த வருஷம் என்று ஒன்று எனக்கு வந்தது.

அக்கா

*

ஆகஸ்ட் 31

அக்கா,

கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். அத்தான் படகின் விளிம்பில் காலை வைத்த இடம் வந்ததும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டார். முடித்ததும் தலைமைச் சமையல்காரர், இந்த அக்காவுக்கு என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஒன்றும் புதிதாக இல்லை, முட்டை, பருப்பு, தயிர், வேளா வேளைக்கு என்றேன். அவர் நம்பவில்லை. ஐம்பத்தொன்பது வயது என்றேன், அதையும் நம்பவில்லை. இந்த முறை ஒரு வயதுகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நான் சனிக்கிழமைகளில் இங்கே இருக்கும் குளத்துக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். ஒரு முறை அந்தப் பக்கம் போய் வந்தாலே மூச்சு வாங்குகிறது. சிரிக்காதே.

ஒன்று உனக்குத் தெரியாது. உன் கடிதம் வரும் வரை நான் காத்திருக்கவில்லை. அன்றைக்குப் பகல் சாப்பாட்டுத் தட்டுகள் வார்டுகளுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. அத்தான். நான் ஹலோ என்றேன். அந்தப் பக்கம் காற்று, அலை, யார் யாரோ கத்துகிற சத்தம். அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. என்ன ஆச்சு அத்தான், சொல்லுங்கள் என்றேன். தட்டுகள் ஏற்றிய வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் அவருக்குக் குரல் வந்தது.

"கரையில நிக்கறா" என்றார். "தனியா நிக்கறா."

நண்டு